தளம் மெதுவா இருக்கு. சரி, யாருக்கு?

ஒரு வெப்சைட் மெதுவாகிவிட்டது என்று புகார் வந்தால் பெரும்பாலான டீம்களில் நடப்பது ஒன்றுதான். ஒருத்தர் இன்டெக்ஸ் போடச் சொல்வார். இன்னொருத்தர் சர்வரில் ராம் கூட்டச் சொல்வார். மூணாவது ஆள் கேஷ் வைக்கலாம் என்பார். மூன்றுமே சில சமயம் பலித்துவிடும், அதுதான் சிக்கல். ஏன் பலித்தது என்று தெரியாது. அதனால அடுத்த தடவையும் அதே மூன்று மருந்துதான், நோய் எதுவாக இருந்தாலும்.

இந்தப் பழக்கத்துக்கு எதிராக எழுதப்பட்ட புத்தகங்களில் எனக்கு முக்கியமாகப் படுவது, கேரி மில்சாப்பும் ஜெஃப் ஹோல்ட்டும் சேர்ந்து எழுதி 2003ல் ஓ'ரைலி வெளியிட்ட 'ஆப்டிமைசிங் ஆரக்கிள் பெர்ஃபார்மன்ஸ்'. ஆரக்கிள் 9ஐ காலத்துப் புத்தகம்தான். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் வைத்து தளம் நடத்துபவர்கள் இதை எதற்குப் படிக்கணும் என்று கேட்கலாம். படிக்கலாம் என்பதற்கான காரணத்தையும், அது எங்கே போதாமல் போகிறது என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

புத்தகத்தின் வாதம் எளிமையானது. பயனருக்கு முக்கியமான ஒரு வேலையை எடு. அந்த வேலை நடக்கும்போது மட்டும் அளந்து, அதன் ஒவ்வொரு விநாடியும் எங்கே போனது என்று பார். எதைச் சரிசெய்தால் லாபம் அதிகமோ அதை முதலில் செய். பிறகு மறுபடி முதலிலிருந்து. இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'மெத்தட் ஆர்'. ஆர் என்றால் ரெஸ்பான்ஸ் டைம், பயனர் காத்திருக்கும் நேரம்.

இதில் என்ன புதுமை என்று தோன்றும். அந்தக் காலத்தில் டேட்டாபேஸ் ஆட்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய எண் கேஷ் ஹிட் ரேஷியோ. தேவைப்பட்ட தரவில் எத்தனை சதவீதம் டிஸ்க்குக்குப் போகாமல் நினைவகத்திலேயே கிடைத்தது என்பதுதான் அது. 99 சதவீதம் என்றால் எல்லாம் நலம் என்று அர்த்தம். அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு குவெரி 10 லட்சம் பிளாக்குகளைப் படிக்கிறது, அதில் 10,000 டிஸ்க்கிலிருந்து. ஹிட் ரேஷியோ 99 சதவீதம். அதே குவெரியைத் திருத்தி எழுதியதும் 1,000 பிளாக் போதும் என்றாகி, அதில் 100 டிஸ்க்கிலிருந்து வருகிறது என்று வையுங்கள். ரேஷியோ 90 சதவீதமாகச் சரிந்துவிட்டது. ஆனா வேலை ஆயிரத்தில் ஒரு பங்காகிவிட்டது, டிஸ்க் வாசிப்பு நூறில் ஒரு பங்கு. பயனருக்குப் பக்கம் பட்டென்று வருகிறது, மானிட்டர் ஸ்கிரீனில் சிவப்பு விளக்கு எரிகிறது. வேலை அதிகமாக அதிகமாக ஒரு எண் அழகாகத் தெரியும் என்றால், அதை வைத்து எப்படி வைத்தியம் பார்ப்பது?

ஹிட் ரேஷியோ பழைய கதை என்று ஒதுக்கிவிட முடியாது. அதே தவறின் இன்றைய வடிவம் ஸ்லோ குவெரி லாக். மைஎஸ்க்யூஎல்லில் அதை ஆன் செய்து மற்றதை அப்படியே விட்டால், 10 விநாடியைத் தாண்டிய குவெரிகள் மட்டுமே பதிவாகும். இப்போ ஒரு கட்டுரைப் பட்டியல் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 100 கட்டுரைகளைக் கொண்டுவர ஒரு குவெரி, ஒவ்வொன்றின் ஆசிரியர் பெயருக்கும் தனித்தனியாக ஒன்று. மொத்தம் 101. ஒவ்வொன்றும் போய்வர 5 மில்லி விநாடி என்றாலே அரை விநாடி காலி. லாக்கில் ஒரு வரிகூட இருக்காது. லிமிட்டை ஒரு விநாடிக்குக் குறைத்தாலும் இருக்காது.

மாதச் செலவு கைமீறுகிறது என்று 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட பில்லை மட்டும் தேடுகிறவர் கண்ணில், 15 ரூபாய் டீ படவே படாது. ஒரு நாளைக்கு ஆறு டீ என்றால் மாதம் 2,700 ரூபாய். புத்தகம் கேட்கச் சொல்வது இந்த மொத்தக் கணக்கைத்தான்.

ஆம்டால் விதியையும் இதே நோக்கில்தான் பயன்படுத்துகிறார்கள். பக்கம் வர 4 விநாடி, அதில் டேட்டாபேஸில் செலவானது அரை விநாடி என்றால், டேட்டாபேஸை இரண்டு மடங்கு வேகமாக்கினாலும் மிச்சம் கால் விநாடிதான். பெரிய சர்வர் வாங்க கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்த ஒரு வகுத்தலைச் செய்து பார்த்தாலே நிறைய பணம் மிஞ்சும்.

இனி குறைகள். முதல் குறை, அளக்கும் வழி. புத்தகம் முழுக்க ஆரக்கிளின் 10046 டிரேஸை நம்பியிருக்கிறது. அது ஒரு டேட்டாபேஸ் செஷனைப் பின்தொடரும். ஆனால் வெப்சைட்டில் கனெக்ஷன் பூல் இருக்கும். ஒரே கனெக்ஷன் வழியாகப் பல பேருடைய வேலை போகும், ஒருத்தருடைய வேலை பல கனெக்ஷன்களில் சிதறும். ஆக, யாருடைய விநாடி என்ற கேள்விக்குப் பதில் அங்கேயே கலங்கிவிடுகிறது. இன்றைக்கு போஸ்ட்கிரெஸில் பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ் இருக்கிறது, ஒவ்வொரு குவெரி வகைக்கும் எத்தனை தடவை, மொத்தம் எவ்வளவு நேரம் என்று சொல்லும். நல்ல கருவி. ஆனா அதுவும் சர்வர் முழுமைக்குமான கூட்டுத்தொகைதான், எந்தப் பக்கம் அந்தக் குவெரியைக் கூப்பிட்டது என்று சொல்லாது. ஒவ்வொரு குவெரியிலும் பக்கத்தின் பெயரை ஒரு கமென்ட்டாக ஒட்டி அனுப்பி, கொஞ்ச நேரத்துக்கு எல்லா குவெரிகளையும் லாக் செய்தால் அந்த இடைவெளியை அடைத்துவிடலாம். கூடுதல் மெனக்கெடல்தான், செய்யலாம்.

இரண்டாவது, கூட்ட நேரத் தாமதம். குவெரி அதேதான், செய்யும் வேலையும் அதேதான், வரிசைதான் நீளம். எளிய வரிசை மாதிரியின்படி 10 மில்லி விநாடி வேலை, சர்வர் பாதி நேரம் பிஸியாக இருந்தால் 20 ஆகும். 90 சதவீதம் பிஸி என்றால் 100 ஆகும். வரிசைக் கோட்பாட்டுக்குப் புத்தகம் ஒரு தனி அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறது. ஆனால் அது முக்கிய முறையோடு ஒட்டாமல் தனியாக நிற்கிறது. ஒருத்தருடைய நேரத்தை மட்டும் பார்த்தால் அவர் காத்திருந்தது தெரியும். யாருடைய வேலை அவரைக் காக்க வைத்தது என்பதை வேறு இடத்தில் தேட வேண்டும். ஆரம்பநிலை வாசகர் இங்கே வழிதவறிப் போக வாய்ப்பு அதிகம்.

மூன்றாவது குறையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். எந்த வேலை முக்கியம் என்பதை வியாபாரத் தேவை தீர்மானிக்கட்டும் என்கிறது புத்தகம். நியாயம்தான். ஆனால் நடைமுறையில் தீர்மானிப்பது யாருடைய போன் முதலில் அடிக்கிறது என்பது. மேலதிகாரி காலையில் ஒரு தடவை திறக்கும் ரிப்போர்ட் 20 விநாடி எடுத்தால் அவசர மீட்டிங் போடுவார்கள். கவுன்டரில் உட்கார்ந்து ஒரு நாளைக்கு 300 பதிவு போடுகிறவருக்கு ஒவ்வொரு தடவையும் 3 விநாடி போனால் மொத்தம் 15 நிமிடம். அதற்கு யாரும் மீட்டிங் போடுவதில்லை. வரிசையில் நிற்பவர்கள் திட்டுவதும் அவரைத்தான்.

நேரத்தை இவ்வளவு கறாராக எண்ணக் கற்றுத்தரும் புத்தகம், யாருடைய நேரம் என்பதைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் அடுத்தவர் கையைப் பார்த்து நிற்கிறது. அந்த முதல் படிக்கும் அளவை வேண்டும். தடவைகளை நேரத்தால் பெருக்கி, அந்தந்தப் பக்கத்துக்கு எதிரே எழுதி, அதன் பிறகு எதை எடுப்பது என்று பேசலாம். புத்தகம் சொல்லித்தரும் கணக்கே இதற்குப் போதும், அதை ஒரு படி முன்னாலிருந்து தொடங்கினால் சரி.

ஆரக்கிள் தெரியாதவர்கள் டிரேஸ் ஃபைலை விளக்கும் அத்தியாயங்களைத் தாண்டிவிடலாம். முதல் சில அத்தியாயங்களை மட்டுமாவது படியுங்கள். அடுத்த புகார் வரும்போது இன்டெக்ஸ் போடச் சொல்லும் முன், எந்தப் பக்கம், யாருக்கு, ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கேட்கத் தோன்றும்.