மலைக் குளிரில் கடல்நீரை அளப்பது

வீட்டில் கடல்மீன் தொட்டி வைப்பவருக்கு எங்கே போனாலும் ஒரே அறிவுரைதான் கிடைக்கிறது. ஒரு ரிஃப்ராக்டோமீற்றர் வாங்குங்கள். காய்ச்சி வடித்த நீரில் ஒரு துளி விட்டு, திருகாணியைத் திருகிப் பூச்சியத்தில் நிறுத்துங்கள். பிறகு தொட்டி நீரில் ஒரு துளி. கோடு 35இல், அதாவது ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பில், நின்றால் கவலையில்லை. கொழும்பிலும் நீர்கொழும்பிலும் இது பெரும்பாலும் தப்பிப் பிழைத்துவிடும் முறை. நுவரெலியாவில், ஹட்டனில், தலவாக்கலையில் இதையே கண்ணை மூடிக்கொண்டு செய்தால் மீன் உயிரோடு இருக்கலாம். ஆனால் தொட்டியில் உண்மையில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பது வைத்திருப்பவருக்குத் தெரியாது. குறை கருவியில் இல்லை. அது எந்த வெப்பநிலைக்காக, எந்த நீருக்காகச் செய்யப்பட்டது என்று கேட்காமல் விடுவதில் இருக்கிறது.

மலையகத்தில் இந்தக் கேள்வி ஏன் கூடுதலாக உறைக்க வேண்டும் என்பதற்குத் தொட்டியின் மேற்பரப்பைப் பார்த்தாலே போதும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸை ஒட்டியது. பவளப்பாறை மீனுக்கோ 25 பாகை வேண்டும். ஆகவே ஹீட்டர் இரவு பகலாக ஓடும். மூடுபனி சன்னலுக்குள் நுழையும் ஊரில் தண்ணீர் ஆவியாகாது என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடப்பது நேர்மாறு. 25 பாகைத் தண்ணீரின் நீராவி அழுத்தம் ஏறக்குறைய 32 மில்லிபார். 15 பாகைக் காற்று முழுக்கப் பனி நிறைந்திருந்தாலும் 17க்கு மேல் தாங்காது. இந்த 15 மில்லிபார் வேறுபாடுதான் தண்ணீரை இழுக்கிறது. கொழும்பில் 27 பாகைத் தொட்டியும் 28 பாகை ஈரக்காற்றும் சந்திக்கும் இடத்தில் அந்த வேறுபாடு ஐந்தாறு மில்லிபார்தான். மூடியில்லாத தொட்டி மலையில் இரண்டு மூன்று மடங்கு வேகமாக வற்றும். தண்ணீர் போகும், உப்பு தங்கிவிடும். நூறு லீற்றர் தொட்டியில் இரண்டு லீற்றர் குறைந்தாலே 35 என்பது 35.7 ஆகிவிடும். ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போடத் தேவையில்லை.

கடல்நீர் கொண்டுவரும் இடத்திலும் கவனம் வேண்டும். கொழும்புக்கு வடக்கே கான்களில் பிடித்து வரும் தண்ணீரைக் ‘கடல்தண்ணி, அது சரியாகத்தான் இருக்கும்’ என்று அப்படியே ஊற்றுவது ஆபத்து. நம் மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை ஆகிறது. அது கடலில் விழுவது கொழும்பின் வடக்கு விளிம்பில். தென்மேல் பருவத்தில் ஹட்டன் பக்கம் கொட்டும் மழை சில நாட்களில் அந்தக் கரையோரக் கடலின் உவர்த்தன்மையைக் குறைத்துவிடும். வடகீழ்ப் பருவத்திலோ வங்கக் கடலின் உப்புக் குறைந்த நீர் இலங்கையைச் சுற்றித் தெற்காகவும் மேற்காகவும் வருகிறது. ஒவ்வொரு கானையும் அளந்தே ஆக வேண்டும்.

ரிஃப்ராக்டோமீற்றருக்கு வருவோம். அதன் நன்மைகளை மறுக்க முடியாது. ஒரு துளி போதும், அரை நிமிடம் போதும், குமிழியும் அலையும் தொந்தரவு செய்யாது. குழாயை வெளிச்சத்துக்குப் பிடித்தால் மேலே நீலம், கீழே வெள்ளை. இரண்டும் வெட்டும் கோட்டைச் சிறு பிள்ளையும் வாசித்துவிடும். ஒளி நீரில் எவ்வளவு முறிகிறது என்பதை வைத்து உப்பைச் சொல்லும் கருவி அது. சிக்கல், மலிவாகக் கிடைக்கும் பலவற்றின் அளவுகோல் கடல்நீருக்காக வரையப்பட்டதல்ல என்பதில் இருக்கிறது. கறியுப்புக் கரைசலுக்காக, ஊறுகாய்க்கும் உப்புநீருக்கும் பயன்படும் தொழிற்சாலைக் கருவியாக வந்தவை அவை. கடல்நீரில் சோடியம் குளோரைட்டோடு மக்னீசியமும் சல்பேற்றும் கல்சியமும் இருப்பதால் ஒளிமுறிவு சற்று வேறு. உண்மையில் 35 உள்ள கடல்நீர் அத்தகைய கருவியில் 36.5 காட்டும். வைத்திருப்பவர் அதை 35க்கு இறக்கினால் தொட்டி 33.5இல் நிற்கும்.

காய்ச்சி வடித்த நீரில் பூச்சியம் பார்ப்பது இதைக் காட்டிக்கொடுக்காது. கொழுந்து மடுவத்தில் நின்ற எவருக்கும் இது புரியும்: வெறும் தராசின் முள் பூச்சியத்தில் நிற்பதை மட்டும் பார்த்து எடையை நம்புவதில்லை, தெரிந்த படிக்கல்லைத் தொங்கவிட்டுப் பார்க்கச் சொல்வார்கள். தொட்டிக்காரருக்கும் படிக்கல் வேண்டும். அதை வீட்டிலேயே செய்யலாம். 36.5 கிராம் சுத்தமான உப்பை 963.5 கிராம் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால், அந்தக் கரைசலின் ஒளிமுறிவும் 35 கடல்நீரின் ஒளிமுறிவும் ஒன்று. கடல்நீருக்கென்று வரைந்த கருவி இதில் 35 காட்ட வேண்டும். கறியுப்புக் கருவி 36.5 காட்ட வேண்டும். பூச்சியத்தைவிட இந்தப் புள்ளியில் திருகாணியைச் சரிசெய்வதே மேல், ஏனென்றால் நாம் வாசிக்கப்போகும் இடம் இதுதான்.

மலையில் இதற்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. மழை மாதங்களில் கல்லுப்புச் சாடியின் அடியில் தண்ணீர் கோத்து நிற்பதைக் காணாத வீடு இங்கே இல்லை. அந்த உப்பில் 36.5 கிராம் நிறுத்தால் அதில் ஒரு பகுதி காற்றின் ஈரம். பொடியுப்பை வெறும் சட்டியில் வறுத்து, மூடிய போத்தலில் ஆறவிட்டு நிறுக்க வேண்டும். சமையலறைத் தராசு ஒரு கிராம் முன்பின் காட்டினால் கரைசலே ஏறக்குறைய ஒரு பங்கு பிசகிவிடும். பத்தில் ஒரு கிராம் வரை காட்டும் தராசு கிடைத்தால் நல்லது. அயடீன் சேர்த்த உப்பு என்று பயப்பட வேண்டாம், அது மிகச் சிறிய அளவு.

சிலர் இன்னும் எளிய வழி கேட்பார்கள்: ஒரு லீற்றரைக் காய்ச்சி வற்றவைத்து மிஞ்சிய உப்பை நிறுத்தால் என்ன? பத்தொன்பதாம் நூற்றாண்டு வேதியியலாளர்கள் முயன்று கைவிட்ட வழி அது. மக்னீசிய உப்புகள் நீரை விடாமல் பிடித்துக்கொள்ளும்; மேலும் சூடாக்கினால் குளோரைட்டில் ஒரு பகுதி ஆவியோடு போய்விடும். அதனால்தான் குளோரைட்டை மட்டும் அளந்து உவர்த்தன்மையைக் கணக்கிடும் முறையை 1900களின் தொடக்கத்தில் மார்ட்டின் குனூட்சென் வகுத்தார்.

இனி, பழைய பாணி என்று ஒதுக்கிவைக்கப்படும் கண்ணாடி ஹைட்ரோமீற்றர். மலையகத்துக்கு இதுவே பொருத்தமானது என்பது என் கருத்து, காரணத்தோடு சொல்கிறேன்.

மாடு வைத்திருந்து பால் சேகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோகும் தோட்டத்துக் குடும்பங்களுக்கு இந்தக் கருவி புதிதல்ல. லக்டோமீற்றர் என்பது பாலுக்கு அளவு குறித்த ஹைட்ரோமீற்றர்தான். பாலின் சாரடர்த்தி 1.030ஐ ஒட்டியது, கடல்நீருடையது 1.026ஐ ஒட்டியது. ஆனால் எந்த வெப்பநிலையில் என்று சொல்லாமல் இந்த எண்களுக்குப் பொருள் இல்லை. தண்ணீர் சூடானால் விரியும், அடர்த்தி குறையும், கருவி தாழும். பழைய ஆங்கில மரபில் பல ஹைட்ரோமீற்றர்கள் 60 பாகை பரனைற்றில், அதாவது 15.6 செல்சியஸில் அளவு குறிக்கப்பட்டவை. மீன்கடைகளில் வருபவற்றில் பல 25 செல்சியஸுக்கானவை. தண்டின் உள்ளே சுருட்டிய தாளில் பொடி எழுத்தில் இது அச்சிட்டிருக்கும். வாங்கும்போது பலர் அதை வாசிப்பதில்லை.

வாசிக்காததன் விலை இது. 15.6 பாகைக் கருவியைச் சூடான தொட்டிக்குள் நேரே மிதக்கவிட்டால், உண்மையில் 35 உள்ள நீர் 1.0268க்குப் பதிலாக 1.0245 அளவில் காட்டும். உப்புக் குறைவு என்று எண்ணி ஆள் உப்புப் போடுவார். தொட்டி 38க்கு ஏறும். 25 பாகைக் கருவியைக் குளிர்ந்த அறையில் ஆறிய நீரில் விட்டால் 1.0264க்குப் பதிலாக 1.0288 காட்டும், அவர் நன்னீர் ஊற்றுவார், தொட்டி 32க்கு இறங்கும். இரண்டு வீடுகளிலும் கருவி பழுதில்லை, தண்ணீரும் பழுதில்லை.

இதே குளிர்தான் சரியான கருவி கையில் இருந்தால் நமக்குத் துணை. தொட்டி நீரை உயரமான கண்ணாடிக் குழாயில் எடுத்து, ஆவியாகாமல் மூடி, நுவரெலியா வீட்டின் மேசையில் ஓரிரு மணி நேரம் வையுங்கள். தானாகவே 15, 16 பாகைக்கு வந்துவிடும். அதாவது அந்தப் பழைய கருவி அளவு குறிக்கப்பட்ட அதே வெப்பநிலை. கொழும்புக்காரருக்குக் குளிர்ப்பெட்டி வேண்டும், நமக்கு வேண்டாம். ஹட்டன் ஏறத்தாழ 1,270 மீற்றரில் சற்று வெப்பம் கூடிய இடம். அங்கே காலையில் அளப்பது நல்லது. கருவியை மெல்ல இறக்கி, ஒரு சுழற்றுச் சுழற்றி விட்டால் தண்டில் ஒட்டிய குமிழிகள் உதிரும். அசைவு நின்றதும் கண்ணை நீர்மட்டத்துக்குத் தாழ்த்தி, தண்டைச் சுற்றி ஏறி நிற்கும் விளிம்பை விட்டுவிட்டு, தட்டையான நீர்ப்பரப்பு வெட்டும் கோட்டை வாசிக்க வேண்டும். 1.027க்கு ஒரு மயிரிழை கீழே நின்றால் அதுவே 35.

குறைகளும் உண்டு. உடைந்துபோகும். அரை லீற்றர் அளவுக்கு நீர் வேண்டும். காத்திருக்க வேண்டும். உப்புப் படிந்தால் பொய் சொல்லும், ஒவ்வொரு தடவையும் நன்னீரில் அலசியாக வேண்டும். மறுபுறம், அதில் கெட்டுப்போகத் திருகாணியும் இல்லை, பற்றரியும் இல்லை. முள் ஆடும் பிளாஸ்டிக் பெட்டி ஹைட்ரோமீற்றரை நான் இந்தப் பாராட்டில் சேர்க்கவில்லை. ஒரு குமிழி முள்ளில் ஒட்டினாலே வாசிப்பைத் தூக்கிவிடும், பெட்டி சாய்ந்தாலும் மாறும்.

ரிஃப்ராக்டோமீற்றர் உறையில் ஏடிசி, வெப்பநிலையைத் தானே ஈடுசெய்யும் என்று அச்சிட்டிருப்பதை நம்பலாமா? ஓரளவுக்கு. உள்ளே இருக்கும் இரு உலோகத் தகடு வளைந்து அளவுகோலை நகர்த்துகிறது. வழக்கமான வரம்பு 10 முதல் 30 பாகை. சனவரியில் தேயிலைக் கொழுந்தைப் பனி கருக்கும் விடியலில் சன்னலோரம் கிடந்த கருவி அந்த வரம்புக்குக் கீழே போயிருக்கும். அதை அறைக்குள் எடுத்து வைத்து, துளி விட்டபின் அரை நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும்.

மின்கடத்துதிறன் அளவிகள் ஆய்வுகூடத்தின் தரம். கடலியலாளர்கள் 1978 முதல் உவர்த்தன்மையை இப்படித்தான் வரையறுக்கிறார்கள்: ஒரு கிலோகிராம் கரைசலில் 32.4356 கிராம் பொற்றாசியம் குளோரைட்டு உள்ள நீரின் கடத்துதிறனோடு ஒத்தால் அது 35. அந்த ஒப்பீட்டு வெப்பநிலை 15 பாகை, கிட்டத்தட்ட நுவரெலியா அறையின் வெப்பநிலை. வீட்டுப் பேனா அளவிகளில் இந்தத் துல்லியத்தை எதிர்பார்க்கக் கூடாது. 35 கடல்நீர் 25 பாகையில் 53 மில்லிசீமென்ஸ் காட்டும், 15 பாகையில் 43தான். ஈடுசெய்தல் கொஞ்சம் பிசகினாலும் பிழை பெரிது. குடிநீருக்கு விற்கும் டிடிஎஸ் பேனா கடல்நீரின் அளவுக்கு எட்டவே எட்டாது.

இவ்வளவு துல்லியம் மீனுக்குத் தேவையா என்று கேட்பது நியாயம். கோமாளி மீன் 32இலும் வாழும், 36இலும் வாழும். இறாலும் நட்சத்திர மீனும் அப்படியல்ல. அவற்றைக் கொல்வது பெரும்பாலும் தவறான எண்ணைவிட வேகமான மாற்றம். ஆகவே தசமப் புள்ளிக்குப் பின்னால் ஓடுவதில் பயனில்லை. ஒரு பங்குக்குள் சரியாகத் தெரிய வேண்டும், அது நிலையாக இருக்க வேண்டும், அவ்வளவே. மேலே சொன்ன பழக்கங்கள் தரும் பிழையோ ஒன்றரையிலிருந்து மூன்று பங்கு. அந்தப் பிழையை நம்பி உப்போ நன்னீரோ ஊற்றும்போதுதான் தீங்கு.

தொட்டி வைக்க நினைப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: 15.6 பாகைக் கண்ணாடி ஹைட்ரோமீற்றரையும் ஒரு நல்ல வெப்பமானியையும் முதலில் வாங்குங்கள், தொட்டிக்கு மூடி போடுங்கள், வற்றிய தண்ணீரை நாள்தோறும் நன்னீரால் நிரப்புங்கள். ரிஃப்ராக்டோமீற்றர் பிறகு வரட்டும், 36.5 கிராம் கரைசலோடு. கடைக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். கருவியை நீட்டும்போது அது எத்தனை பாகைக்கு உரியது, கறியுப்புக்கா கடல்நீருக்கா என்ற இரண்டையும் சொல்லி விற்க வேண்டும்.