பாட்டு போய்ச் சேருது, பேரு?

பொங்கலுக்குத் தம்மம்பட்டி போயிருந்தேன். சித்தப்பா மகன் சாப்பாட்டு இலையை எடுக்கறதுக்கு முன்னாடியே போனை நீட்டிட்டான். "அண்ணா, ஆல்பம் போட்டிருக்கேன், கேளுங்க." ஆறு பாட்டு, இருபத்தி ரெண்டு நிமிஷம். மாடி ரூம்ல ஒரு யு.எஸ்.பி. மைக், பழைய லேப்டாப், சுவத்துக்குப் போர்வை. சித்தப்பாவுக்கு மரச்சிற்பப் பட்டறை. அந்த உளிச் சத்தத்தைப் போன்ல பதிவு பண்ணி ரெண்டு பாட்டுக்குத் தாளமா வெச்சிருக்கான்.

ஆல்பம் எப்படின்னு கேட்டா, உண்மையைச் சொல்லணும். நாலு பாட்டு நல்லா இருக்கு. ரெண்டு பாட்டு அவனுக்குப் பிடிச்ச சினிமா இசையமைப்பாளர்களோட நிழல்ல நிக்குது. உளிச் சத்தம் வர்ற மூணாவது பாட்டை மட்டும் நான் அன்னைக்கு ராத்திரி மூணு தடவை கேட்டேன்.

ஆனா அவன் என்கிட்ட வந்தது விமர்சனம் கேட்க இல்லை. அந்த மூணாவது பாட்டு ஆப்ல இருந்தே காணாமப் போயிருந்தது.

நடந்தது இதுதான். வெளியிட்டு ஒரு மாசம் ஆகியும் மொத்தம் முந்நூத்திச் சொச்சம் தடவைதான் கேட்டிருக்காங்க. அதுல பாதி அவனோட கல்லூரி நண்பர்கள். இன்ஸ்டாகிராம்ல ஒரு 'மியூசிக் புரமோஷன்' பக்கம், 6,000 ரூபாய் கட்டினா 40,000 ஸ்ட்ரீம் 'ஆர்கானிக்கா' வரும்னு சொல்லியிருக்கு. கட்டிட்டான். ஸ்ட்ரீம் வந்தது. எங்கிருந்து வந்ததுன்னு பார்த்தா, முக்கால்வாசி ஒரே வெளிநாட்டு நகரம். தமிழே தெரியாத ஊர்ல ராத்திரி பகலா தம்மம்பட்டிப் பாட்டு ஓடியிருக்கு! பத்து நாள்ல டிஸ்ட்ரிபியூட்டர்கிட்ட இருந்து மெயில்: செயற்கையான ஸ்ட்ரீமிங், பாட்டு நீக்கப்பட்டது.

அவனை நான் திட்டலை. இந்த வலை எப்படி வேலை செய்யுதுன்னு புது ஆளுக்கு யாரும் சொல்றதில்லை. 2023 நவம்பர்ல ஸ்பாட்டிஃபை ரெண்டு விதியை அறிவிச்சது. ஒண்ணு, ஒரு பாட்டு முந்தைய 12 மாசத்துல 1,000 ஸ்ட்ரீமைத் தாண்டினாத்தான் அதுக்குப் பணக்கணக்கே தொடங்கும். ரெண்டு, போலி ஸ்ட்ரீம் அப்பட்டமா இருந்தா லேபிளுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் பாட்டுக்கு இவ்வளவுன்னு அபராதம். ஆயிரத்துக்குக் கீழ இருக்கிற பாட்டுகள் சராசரியா மாசம் 3 சென்ட்தான் சம்பாதிக்குது, அது கலைஞன் கைக்கே போய்ச் சேர்றதில்லைன்னு அவங்க காரணம் சொன்னாங்க. கணக்கு சரியாவே இருக்கலாம். ஆனா அந்த விதி புது ஆளோட காதுல எப்படி விழுது? 'எப்படியாவது ஆயிரத்தைத் தாண்டு' என்று. அபராதத்துக்குப் பயந்த டிஸ்ட்ரிபியூட்டர் முதல்ல தூக்கறது இவன் மாதிரிப் பையனோட பாட்டைத்தான். காசு வாங்கின புரமோஷன் பக்கத்துக்கு ஒண்ணும் ஆகலை.

'உங்கள் முதல் ஆல்பத்தை விளம்பரப்படுத்துவது எப்படி' என்று ஆயிரம் வீடியோ இருக்கு. இவன் அத்தனையும் பார்த்திருக்கான். வெளியீட்டுக்கு முன்னாடியே ப்ளேலிஸ்ட்டுக்கு அனுப்பு, தினம் ஒரு ரீல் போடு, முதல் மூணு செகண்ட்ல ஆளைப் பிடி. சிலது பயனுள்ளதுதான். ஸ்பாட்டிஃபைல வெளியீட்டுத் தேதிக்குக் குறைஞ்சது ஏழு நாள் முன்னாடி ஒரு பாட்டை அவங்க ஆசிரியர் குழுவுக்குச் சமர்ப்பிச்சா, உங்களைப் பின்தொடர்றவங்களோட 'ரிலீஸ் ரேடார்' பட்டியல்ல அது தானா வந்துடும். காசு கிடையாது. இவன் ஆல்பம் முடிச்ச அன்னைக்கே ஏத்திட்டதால அந்த வாய்ப்பும் போச்சு. ஆனா இந்த அறிவுரைகளோட அடிப்படையில ஒரு கோளாறு இருக்கு. எல்லாமே பாட்டை எப்படிப் பரப்பறதுன்னு சொல்லுது. பாட்டோட பாடினவன் பேரும் சேர்ந்து போகுதான்னு ஒண்ணும் கேட்கறதில்லை.

என் கவலை அங்கதான். சித்தப்பா பட்டறையில உட்கார்ந்து யோசிச்சா இது புதுசும் இல்லை. தம்மம்பட்டி மரச்சிற்பம் எங்கெல்லாமோ போகுது. வாகை மரத்துல, தூங்குமூஞ்சி மரத்துல செதுக்கின தசாவதாரம், கோயில் வாகனம், வாசக்கால், நிலைக்கதவு. சென்னையில ஒரு பெரிய கடைக் கண்ணாடிக்குப் பின்னாடி ஒரு கிருஷ்ணரைப் பார்த்தேன். நம்ம ஊர் வேலைன்னு பார்த்ததுமே தெரிஞ்சது. அடியில விலைச் சீட்டு மட்டும் இருந்தது, செதுக்கினவர் பேரு இல்லை. வாங்கறவருக்குப் பிடிச்சிருந்தாலும், அடுத்த சிலைக்கு அவர் திரும்பப் போறது அந்தக் கடைக்குத்தானே தவிர, செதுக்கினவரோட பட்டறைக்கு இல்லை.

பாட்டுலயும் நமக்கு இது பழக்கம்தான். தொண்ணூறுகள்ல எங்க ஊர்ல யார் பாட்டு பரவணும்னு முடிவு பண்ணினது மைக்செட்காரர். திருவிழா, காதுகுத்து, கல்யாணம் எதுவானாலும் விடியக்காலம் வேப்பமரத்துல குழாயைக் கட்டிட்டு அம்மன் பாட்டுல ஆரம்பிப்பார். பால் கிரீன் என்ற ஆய்வாளர் ஒரு தமிழ்க் கிராமத்தில் ஒலிநாடாவை ஒலிபெருக்கியில் போடுவதையே ஒரு பக்திச் செயலாகப் பார்த்து எழுதிய கட்டுரை, 1999-ல் 'எத்னோமியூசிகாலஜி' இதழில் வந்தது. அதைப் படிச்சப்போ எங்க மைக்செட்காரர் முகம்தான் ஞாபகம் வந்தது. இன்னைக்கு 'க்யூரேட்டர்'னு சொல்றாங்களே, அவர்தான் அது. ஆனா எல்.ஆர்.ஈஸ்வரி மாதிரி ஏற்கெனவே தெரிஞ்ச குரலை விட்டா, அந்தக் குழாய்ல வந்த எத்தனை பாட்டுக்காரர் பேரு எங்களுக்குத் தெரியும்? காசெட் அட்டையைப் பார்த்தது மைக்செட்காரர் ஒருத்தர்தான். ஊருக்குப் பாட்டு மட்டும்தான் வந்தது.

அப்போ பேரோட வந்த முதல் ஆல்பங்கள் எப்படி வந்தன?

மலேசியாவின் யோகி பி அண்ட் நட்சத்ரா 2006-ல் 'வல்லவன்' ஆல்பத்தோட இங்க வந்து சேர்ந்தாங்க. 'மடை திறந்து'ங்கற இளையராஜா பாட்டை ராப்பாக்கினதுதான் அவங்களுக்குக் கதவைத் திறந்தது. ஆனா யோகி பி புது ஆள் இல்லை. பொயட்டிக் அம்மோ குழுவில் தொண்ணூறுகளிலேயே இருந்தவர். கூட்டம் ஏற்கெனவே இருந்தது, மொழி மட்டும் மாறியது.

கோயம்புத்தூர் ஆதியின் ஹிப்ஹாப் தமிழா கொஞ்சம் வேற. 2011-ல் 'கிளப்புல மப்புல' இணையத்தில் பரவியது. அந்தப் பாட்டு பெண்களைப் பத்திப் பேசின விதம் எனக்கு அப்பவும் பிடிக்கலை, இப்பவும் பிடிக்கலை. ஆனா அதுக்கப்புறம் அவங்க செஞ்சதுதான் பாடம். வைரல் பாட்டை அப்படியே விட்டுடாம, 2012-ல் 'ஹிப்ஹாப் தமிழன்' என்று முழு ஆல்பமே போட்டாங்க. குழு பேரு, ஆல்பம் பேரு, பாட்டு வரி எல்லாத்துலயும் ஒரே அடையாளம். யார் பாட்டுன்னு கேட்க வேண்டியதே இல்லை. 2015-ல் 'ஆம்பள' படத்துக்கு இசையமைப்பாளர் ஆனாங்க. நம்ம ஊர்ல முதல் ஆல்பம் பெரும்பாலும் சினிமாக் கதவுக்கு விசிட்டிங் கார்டுங்கறதுக்கு அதுவே நல்ல உதாரணம். தப்புன்னு சொல்லலை. ஆனா ஆல்பம் போடறவன் 'எனக்கு வேண்டியது சினிமாவா, கேட்பவங்களா?'ன்னு முதல்லயே தன்னைக் கேட்டுக்கணும். ரெண்டுக்கும் வேலை வேற.

எனக்கு அதிகம் பிடிச்ச வழி தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் போன வழி. பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. 2018 ஜனவரி 6-ம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் 19 பேர் மேடை ஏறினாங்க. கேட்க வந்தவங்களுக்கு முன்னாடி கானாவும் பறையும் ராப்பும் நேரா வந்து நின்னுச்சு. அந்த மேடையில் இருந்த அறிவு, 2019-ல் ஆஃப்ரோவோட சேர்ந்து 'தெருக்குறள்' ஆல்பத்தை வெளியிட்டார். அது வந்தப்போ அவர் யாரு, எதைப் பத்திப் பாடுவார்னு தெரிஞ்ச ஒரு கூட்டம் காத்திருந்தது. எண்ணிக்கையில பெரிய கூட்டம் இல்லை. ஆனா அவங்களுக்குப் பாட்டும் பேரும் ஒண்ணாத் தெரியும்.

அதே அறிவு 2021 மார்ச்சில் தீயோடு 'என்ஜாய் எஞ்சாமி' பாடினார். தயாரிப்பு சந்தோஷ் நாராயணன், வெளியீடு மாஜா. உலகமெல்லாம் கேட்டது. பரவல்னு பார்த்தா அதுக்கு மேல தமிழ்ல ஒரு தனிப்பாட்டுக்கு என்ன வேணும்? ஆனா ஆகஸ்ட் மாச 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தாங்க, அறிவு இல்லை. கேள்வி எழுந்தப்புறம் அவருக்குத் தனியா ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தது, மேடையில் அவர் இல்லை. அந்தப் பாட்டுல தன் உழைப்பு என்னன்னு அவரே இன்ஸ்டாகிராமில் எழுத வேண்டியிருந்தது. தோட்டத் தொழிலாளியாக இருந்த தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையில் இருந்து எடுத்த பாட்டுக்கு! 2024 மார்ச்சில், அந்தப் பாட்டால் தங்கள் மூணு பேருக்கும் ஒரு காசும் வரலைன்னு சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்றது என் வேலை இல்லை. நான் பார்க்கறது ஒண்ணுதான். அவ்வளவு பரவியும் பேரு, காசு ரெண்டுமே தகராறுல நின்னுச்சு. தம்பியோட கனவு அந்தப் பாட்டு. அதைத்தான் அவன்கிட்ட முதல்ல எடுத்துச் சொன்னேன்.

அவன் விடலை. "நாட்டுப்புறப் பாட்டுக்கெல்லாம் பேரா இருக்கு அண்ணா? பாட்டு நின்னாப் போதாதா?" நல்ல கேள்வி. எனக்கு முழுசா பதில் இல்லை. ஆனா நடவுப் பாட்டு பாடின அம்மா அதை வெச்சு மாச வாடகை கட்டணும்னு நினைக்கலை, இவன் நினைக்கறான். இன்னொண்ணு, நாட்டுப்புறப் பாட்டுக்குப் பேரு இல்லாமப் போனது எல்லா நேரமும் பாடினவங்க விருப்பத்தால இல்லை. எழுதி வெச்சவங்க கேட்காம விட்டதும் உண்டு.

தளங்களை நம்பி பேரைக் கட்டறதும் ஆபத்துதான். 2020 ஜூன்ல டிக்டாக் ஒரே ராத்திரியில போச்சு. 2024 ஜனவரியோட ரெஸ்ஸோ இந்தியாவில் கடையைக் கட்டியது, அதே வருஷம் விங்க்கும் போச்சு. மைஸ்பேஸ் சர்வர் மாத்தும்போது 2015-க்கு முந்தின பாட்டுகள் அழிஞ்சதா 2019-ல் தெரிய வந்தது. வாடகை வீட்டுச் சுவத்துல எவ்வளவு பெரிசா பேரு எழுதினாலும், ஓனர் வெள்ளையடிச்சா முடிஞ்சது.

ரெண்டு நாள் உட்கார்ந்தோம். முதல் வேலை, பாட்டுக்குப் பாட்டு யார் யார் என்ன செஞ்சாங்கன்னு எழுதறது. வரி, மெட்டு, குரல், மிக்ஸிங். ஒரு பாட்டுக்குப் பம்பை அடிச்சவர் பேரை இவனே போடாம விட்டிருந்தான்! கடைக்காரர் செதுக்கினவரை விட்டதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டேன். தலையைக் குனிஞ்சுட்டான். அப்புறம், ஒவ்வொரு பதிவுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் கொடுத்திருக்கிற ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணைக் குறிச்சு வெச்சோம். வேற டிஸ்ட்ரிபியூட்டர்கிட்ட மாத்தினாலும் அதே எண்ணைக் கொடுத்தா பழைய கணக்கு பொதுவா கூடவே வரும். ஐ.பி.ஆர்.எஸ். அமைப்புல உறுப்பினராக விண்ணப்பத்தை ஆரம்பிச்சோம். 2012 பதிப்புரிமைத் திருத்தத்துக்கு அப்புறம் வரி எழுதினவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் ராயல்டியில சட்டப்படி பங்கு இருக்கு, ஆனா பதிவு பண்ணாதவனைத் தேடி யாரும் வந்து கொடுக்கப் போறதில்லை. நீக்கின பாட்டுக்கு நடந்ததை ஒளிக்காம எழுதி டிஸ்ட்ரிபியூட்டருக்கு மெயில் போட்டான். இதை எழுதற வரைக்கும் பதில் இல்லை.

கேட்கிறவங்க பட்டியல் ஒண்ணும் எழுதச் சொன்னேன். இவன் பாட்டைக் கேட்டுட்டு ஒரு வார்த்தையாவது திருப்பிச் சொன்னவங்க. நாற்பத்தி ஒரு பேர் தேறினாங்க. ஆத்தூர்ல ஒருத்தர், ராசிபுரத்துல ரெண்டு பேர், திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை செய்யற நம்ம ஊர்ப் பசங்க ஏழு பேர், துபாய்ல ஒருத்தர். 40,000-க்கு முன்னாடி இது பார்க்கவே சிரிப்பா இருக்கும். அடுத்த பாட்டு வந்தா வாட்ஸ்அப்ல நேரா அனுப்ப முடியறது இந்த நாற்பத்தி ஒரு பேருக்குத்தான். ரீல்ஸ் வேண்டாம்னு நான் சொல்லலை. பேரு முதல் வரியில இருக்கட்டும்னு மட்டும் சொன்னேன். அதுக்கு அவன் 'பழைய ஆள் மாதிரி பேசறீங்க'ன்னான். இருக்கலாம்.

கிளம்பற அன்னைக்குச் சாயங்காலம் மைக்செட்காரர் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். இப்போ அவர் மகன் பார்க்கறார். குழாய் போய் பெரிய பாக்ஸ், காசெட் போய் பென்டிரைவ். ஜல்லிக்கட்டுக்கு மாடு அவிழ்க்கறதுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம் பாட்டு ஓடணும், புதுசா இருந்தா கொடுங்கன்னார். தம்பி பென்டிரைவை நீட்டினான். அவர் லேப்டாப்ல சொருகிப் பார்த்தார். ட்ராக் 01, ட்ராக் 02, ட்ராக் 03.

"இது யாரு பாட்டு தம்பி?"

"என்னுதுங்ண்ணா" என்று சொல்லிட்டு, அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொண்ணா பேரை மாத்த ஆரம்பிச்சான். பம்பைக்காரர் பேரையும் சேர்த்து அடிச்சதுல ஃபைல் பேரு ரொம்ப நீளமாப் போயிடுச்சு.