பழைய ஆம்னி

1984-ல் மாருதி வேனாக வீதிக்கு வந்து, பின்னர் ஆம்னி என்று நாமகரணம் பெற்று, 2019-ல் உற்பத்தி நின்ற பிறகும் சளைக்காமல் ஓடிக்கொண்டிருக்கும் அந்தச் சதுர வண்டியின்மீது எனக்கு அபாரமான பிரியம் உண்டு. லட்சம் கிலோமீட்டரைக் கடந்ததொன்றை வாங்கப் போகிறவர், மீட்டர் காட்டும் எண்ணைக் கண்டு மிரளாமல், விடியற்காலையில் இஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே சென்று, முன்னிருக்கைக்கு அடியில் அடக்கமாய் அமர்ந்திருக்கும் அந்த 796 சி.சி. இயந்திரத்தைக் கிளப்பச் சொல்லி, புகைக்குழாயில் நீலப் புகை வருகிறதா என்று சற்று நேரம் நின்று பார்க்க வேண்டும். நீலமென்றால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். தள்ளுகதவு ஓடும் தடத்தின் அடியில் விரலால் தடவி, துரு உதிர்கிறதா என்பதையும் அவசியம் கவனிக்க வேண்டும். இஞ்சினைப் பிரித்துச் சேர்க்கலாம், அரித்துப்போன தகட்டை மீட்பது மகா சிரமம். டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டதென்று தெரியாவிட்டால், வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள்.