இரண்டாவது சாட்சி

ஞாயிற்றுக்கிழமை காலையில் காலிங்பெல் அடிக்கும். திறந்தால் தேய்த்த சட்டை, தோள்பை சகிதம் இரண்டு பேர் நிற்பார்கள். ஐந்து நிமிடம் பேசலாமா என்று ரொம்ப மரியாதையாகக் கேட்பார்கள். கையில் 'காவற்கோபுரம்' பத்திரிகை இருக்கும். யெகோவாவின் சாட்சிகள். கதவை முகத்தில் சாத்தினாலும் சிரித்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவார்கள்.

சட்டம் படித்தவர்களுக்கு இவர்களை வேறு வழியில் தெரியும். 1985இல் கேரளத்தில் ஒரு பள்ளிக்கூடம் மூன்று குழந்தைகளை வெளியே அனுப்பியது. தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. அதுதான் குற்றம். எங்கள் மத நம்பிக்கை இடம் தரவில்லை என்றார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், 1986இல் குழந்தைகள் ஜெயித்தார்கள். ஆஸ்திரேலியாவிலும் ஒரு கதை உண்டு. 1941இல் அந்த நாட்டு அரசு இவர்களைத் தடை செய்தது. 1943இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் தடை செல்லாது என்றது.

ஆக, கோர்ட் படி ஏறத் தெரியாத அப்பாவிகள் என்று யாரும் இவர்களைச் சொல்லிவிட முடியாது. தங்கள் உரிமைக்காகக் கச்சிதமாக ஏறியிருக்கிறார்கள். தங்கள் சபைக் குழந்தைகளுக்காக ஏறினார்களா என்பதுதான் கேள்வி.

2013இல் ஆஸ்திரேலியாவில் ஒரு ராயல் கமிஷன் வேலையைத் தொடங்கியது. பள்ளிக்கூடம், அனாதை இல்லம், சர்ச், விளையாட்டு கிளப் என்று குழந்தைகள் புழங்கும் அமைப்புகளில் பாலியல் குற்றச்சாட்டு வந்தபோது என்ன செய்தார்கள் என்று விசாரிக்கும் வேலை. யாரையும் விட்டுவைக்கவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் கணக்குதான் இருப்பதிலேயே பெரிது. 2015 ஜூலையில் யெகோவாவின் சாட்சிகளின் முறை வந்தது. ஃபைல்களைக் கொண்டு வாருங்கள் என்று கமிஷன் உத்தரவு போட்டது.

கொண்டுவந்தார்கள். நான் பி.காம். படித்தவன். ஒரு நிறுவனத்தைப் பற்றி எழுதுவதென்றால் முதலில் அதன் பேரேட்டைத்தான் பார்க்கத் தோன்றும். இங்கே பேரேடு பிரமாதம். 1950 முதல் குற்றம் சாட்டப்பட்ட 1,006 பேருக்கு ஆளுக்கொரு ஃபைல். பாதிக்கப்பட்டவர்கள் குறைந்தது 1,800 பேர். யார், என்ன செய்தார், யார் விசாரித்தார், என்ன முடிவு என்று எல்லாம் பதிவாகியிருந்தது. 579 பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அந்த ஃபைல்களே சொல்லின. 401 பேரைச் சபையை விட்டு நீக்கினார்கள். அதில் 230 பேரைப் பிறகு திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள்.

இந்த 1,006 பேரில் எத்தனை பேரைப் பற்றிச் சபையே போலீசில் சொன்னது? ஒருவரைப் பற்றிக்கூடச் சொன்னதாகக் கமிஷனுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

அறுபத்து ஐந்து வருஷக் கணக்கு. பைசா சுத்தமாக எழுதிவைத்திருக்கிறார்கள். வெளி ஆடிட்டர் ஒருத்தர் கண்ணில் மட்டும் காட்டவில்லை. 'எங்களுக்குத் தெரியாது' என்று சொல்லித் தப்பிக்க முடிந்த அமைப்புகள் உண்டு. இவர்களுக்கு அந்த வசதியும் இல்லை.

எப்படி இது நடந்தது? கெட்ட எண்ணம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். அது நியாயமில்லை. சாட்சி சொல்ல வந்த மூப்பர்களைப் பார்த்தால் சபைக்குள் சுத்தபத்தமாக வாழ்கிற, விதியை அச்சுப் பிசகாமல் பின்பற்றுகிற ஆட்களாகத்தான் தெரிகிறார்கள். கோளாறு அந்த விதியில்தான்.

உபாகமம் 19ஆம் அதிகாரத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. ஒரே ஒருவர் சொல்வதை வைத்து யாரையும் குற்றவாளியாக்கக் கூடாது, இரண்டு அல்லது மூன்று சாட்சிகள் வேண்டும். மத்தேயு 18இலும் இதன் சாயல் வருகிறது. வாய்க்கால் தகராறு, கொடுக்கல் வாங்கல் என்றால் நல்ல சட்டம். ஒரு ஆளின் வஞ்சத்துக்கு இன்னொருவன் பலியாகாமல் காப்பாற்றும். ஆனால், இதை அப்படியே குழந்தை மீதான பாலியல் குற்றத்துக்குப் போட்டார்கள். குற்றவாளி ஒப்புக்கொண்டால் சரி. மறுத்துவிட்டால் இரண்டாவது சாட்சி வேண்டும். இல்லையா? சபையின் விசாரணைக் குழு உட்காராது. விஷயத்தை யெகோவாவின் கையில் விட்டுவிட வேண்டியதுதான்.

பூட்டிய அறைக்குள் நடப்பதற்கு இரண்டாவது சாட்சி யார் வருவார்? இதற்கும் விதியில் ஒரு வழி வைத்திருந்தார்கள். அதே ஆள் அதே மாதிரிக் குற்றத்தை வேறொருவரிடம் செய்திருந்தால், அந்த இன்னொருவர் இரண்டாவது சாட்சி. நிதானமாக இன்னொரு தரம் படித்துப் பாருங்கள். முதல் குழந்தையின் பேச்சு எடுபட வேண்டுமானால் இரண்டாவதாக ஒரு குழந்தை சிக்கியிருக்க வேண்டும்.

நம் ஊர் சாட்சியச் சட்டம் வெள்ளைக்காரன் 1872இல் எழுதியது. எதையும் நிரூபிக்க இத்தனை சாட்சி வேண்டும் என்று எண்ணிக்கை கிடையாது என அப்போதே அதில் ஒரு பிரிவு வைத்தான். 2024இல் புதுச் சட்டம் வந்தபோதும் அதை மாற்றவில்லை. 2012இன் போக்சோ சட்டமோ, தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசில் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் அதுவே குற்றம் என்கிறது. இரண்டு சாட்சிக்காகக் காத்திருந்தேன் என்று இங்கே கதை சொல்ல முடியாது.

விசாரணை நடந்த விதமும் கொடுமை. கமிஷனில் வெறும் எழுத்துகளால் குறிப்பிடப்பட்ட ஒரு பெண், தன் அப்பா தனக்குச் செய்ததைச் சபையில் சொல்லப் போனார். எதிரே மூப்பர்கள், எல்லோரும் ஆண்கள். அதே அறையில் அப்பா. உட்கார்ந்து விவரமாகச் சொல்லு என்றார்கள். பல வருஷம் கழித்து அந்தப் பெண் தானே போலீசுக்குப் போனார். கோர்ட் அப்பாவைத் தண்டித்தது.

2015 ஆகஸ்ட் 14 அன்று ஆளும் குழுவின் உறுப்பினர் ஜெஃப்ரி ஜாக்சன் வீடியோ வழியாகச் சாட்சி சொன்னார். உலகம் முழுக்க உள்ள சபைகளுக்கு விதி எழுதுகிற குழு அது. கமிஷனின் வக்கீல் ஆங்கஸ் ஸ்டூவர்ட் வேதத்தை விட்டு வெளியே போகவே இல்லை. அதே உபாகமத்தின் 22ஆம் அதிகாரத்தைத் திறந்தார். வயல்வெளியில் ஒரு பெண்ணை ஒருவன் பலாத்காரம் செய்கிறான், அவள் கத்தியும் உதவிக்கு ஆள் இல்லை. அவனுக்கு மரண தண்டனை என்கிறது வேதம். அங்கே இரண்டாவது சாட்சி எங்கே? இயேசுவிடம் கேட்டிருந்தால் இந்த இடத்தைக் காட்டி, இந்த மாதிரிக் குற்றத்துக்கு இரண்டு சாட்சி தேவையில்லை என்று சொல்லியிருப்பார் அல்லவா?

அதை நானும் இயேசுவிடம் கேட்க விரும்புகிறேன், இப்போது முடியாது, பின்னால் ஒருநாள் கேட்கலாம் என்று இருக்கிறேன் என்கிற பொருளில் பதில் சொன்னார் ஜாக்சன்.

அவர் கிண்டல் செய்யவில்லை. நம்பித்தான் சொன்னார். எனக்குப் பயமாக இருப்பது அதுதான். பரலோகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்கிறவரை பூலோகத்துக் குழந்தை என்ன செய்யும்?

சபையின் தரப்பையும் சொல்லிவிட வேண்டும். எங்களுக்கு ஞாயிறு பள்ளியோ, விடுதியோ கிடையாது, குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து நாங்கள் பிரிப்பதில்லை, நடந்ததில் பெரும்பாலானது குடும்பத்துக்குள் நடந்தது என்றார்கள். சட்டம் கட்டாயப்படுத்துகிற இடத்தில் புகார் செய்கிறோம், போலீசுக்குப் போகாதே என்று யாரையும் தடுப்பதில்லை என்றார்கள். சரி, குடும்ப விவகாரம் என்றால் மூன்று மூப்பர்கள் எதற்கு விசாரித்தார்கள்? விசாரித்து ஃபைல் போட்டு ஒருவரை நீக்கவும் சேர்க்கவும் அதிகாரம் உண்டு, பக்கத்துத் தெருவில் இருக்கிற போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு போன் செய்ய மட்டும் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டுமா? ஒப்புக்கொண்ட 579 பேர் விஷயத்தில் இரண்டாவது சாட்சிப் பிரச்னைகூட இல்லையே!

2017 டிசம்பரில் கமிஷன் இறுதி அறிக்கை தந்தது. இவர்களுக்கென்று தனியாக மூன்று பரிந்துரைகள். குழந்தைகள் விஷயத்தில் இரண்டு சாட்சி விதியை விடுங்கள். விசாரணையில் பெண்களைச் சேருங்கள். கொடுமைக்கு ஆளாகி அதனால் சபையை விட்டுப் போனவர்களை ஒதுக்கிவைக்காதீர்கள். பாதிக்கப்பட்டவர் குற்றவாளிக்கு எதிரே உட்கார வேண்டியதில்லை என்கிற அளவுக்குச் சபை இறங்கிவந்தது. இரண்டு சாட்சி விதி வேத வசனம், தொட முடியாது என்றது.

இழப்பீட்டுத் திட்டம் 2018 ஜூலையில் வந்தது. அதிலும் சேர மறுத்தார்கள். 2020இல் சேராத அமைப்புகளின் பெயர்களை அரசு வெளியிட்டது. ம்ஹூம். அப்புறம், சேராதவர்களின் அறக்கட்டளை அந்தஸ்தும் வரிச் சலுகையும் போகும் என்று அரசு எச்சரித்தது. 2021 மார்ச்சில், சேர்ந்துவிடுகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். இந்தத் தடவை யாரையும் கேட்பதற்காகக் காத்திருக்கவில்லை.