தளம் தெரிகிறது, தரை தெரியவில்லை

'லெவியாத்தன்' (2012) பற்றிப் பேச்செடுத்தாலே, "அது படம் இல்லைங்க, அனுபவம்" என்று ஆரம்பிப்பார்கள். பொய்யில்லை. அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்ட் துறைமுகத்திலிருந்து கிளம்பும் ஓர் இழுவலைக் கப்பல். இயக்குநர்கள் லூசியன் காஸ்டைங் டெய்லரும் வெரெனா பாரவெலும் சின்னஞ்சிறு கேமராக்களை மீனவர்களின் உடம்பிலும் கழிகளின் நுனியிலும் கட்டிவிட்டார்கள். 87 நிமிடம். வர்ணனை கிடையாது, பேட்டி கிடையாது. ஆட்கள் பேசுகிறார்கள், ஆனா இன்ஜின் இரைச்சலில் அநேகமாக ஒரு சொல்லும் பிடிபடாது. வெட்டுப்பட்ட மீன் தலைகளோடு கேமராவும் தளத்தில் இங்கிட்டும் அங்கிட்டும் சறுக்கும். பார்க்கிறவருக்கு வயிற்றைப் பிரட்டும்.

மனிதக் கண்ணை விட்டுவிட்டு மீனின் கண்ணால் பார்க்கிறது என்பதுதான் இந்தப் படத்துக்குக் கிடைத்த பெரிய பாராட்டு. என் சண்டையும் அங்கேதான்.

திருக்கை வெட்டும் காட்சியை எடுத்துக்கொள்வோம். கொக்கியில் மாட்டி, இரண்டு பக்கச் சிறகையும் கத்தியால் சீவுகிறார்கள். ஒன்று முடிந்ததும் அடுத்தது. படத்தின் சிறந்த காட்சி இது. ஆனால் அந்தத் திருக்கை யார்? கடலடி மண்ணில் ஒட்டிப் படுத்து வாழும் உயிர். அதன் வாய் அடிப்பக்கம் இருக்கிறது. அதனால் மூச்சுக்கான நீரைக் கண்ணுக்குப் பின்னாலுள்ள துளைகள் வழியாக இழுத்துக்கொள்ளும். வாலில் கொட்டும் முள் உள்ள திருக்கைகள் குட்டி போடும். ஸ்கேட் எனப்படும் இந்த வகையோ முட்டையிடும். காட் மீன் மாதிரி லட்சக்கணக்கில் இல்லை, கொஞ்சம்தான். தோல் பை போன்ற கூடுகளில் வைத்துத் தரையில் விட்டுப்போகும். குஞ்சு வெளிவரவே மாதக்கணக்கில் ஆகும், முட்டையிடும் பருவம் வரப் பல வருடம். வலை உரசிப்போவதும் அதே தரையில்தான். இதெல்லாம் தெரிந்து பார்த்தால் அந்தக் கத்தி வேறு மாதிரி வெட்டும்.

படத்துக்கு இது எதுவும் வேண்டாம். மீன் தளத்தில் வந்து விழும் நொடியிலிருந்துதான் அதற்குக் கதை. மீனின் பார்வை என்றால் அது வாழ்ந்த இடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டாமா? இங்கே கிடைப்பது செத்த மீனின் பார்வை. கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் மாலுமிகளோடு மீன்களின் அறிவியல் பெயர்களும் வருகின்றன. செத்த பிறகு பெயர் வைத்தது மாதிரி இருக்கிறது.

இழுவலையின் வேலையே கண்ணுக்கு மறைவில்தான் நடக்கிறது. இரண்டு கனத்த பலகைகள் வலையின் வாயை அகட்டிப் பிடிக்கும். அடிக்கயிறு தரையை உரசிக்கொண்டு போகும். பலகைகள் கிளப்பும் கலங்கலே மீன்களை வாய்ப்பக்கம் விரட்டும். வழியிலிருக்கும் கடற்பஞ்சுகளும் புழுக்கூடுகளும் நொறுங்கும்; குஞ்சு மீன்கள் ஒளிந்துகொள்வது அவற்றுக்குள்தான். லெஸ் வாட்லிங்கும் எலியட் நார்ஸும் 1998இல் இதைக் காட்டை மொட்டையடிப்பதோடு ஒப்பிட்டு எழுதினார்கள். காட்டை மொட்டையடித்தால் யாராவது பார்த்துவிடுவார்கள். கடலடியை யார் பார்ப்பது? கேமரா அங்கே போக முடியாது என்றும் சொல்ல முடியாது. அட்டன்பரோவின் 'ஓஷன்' (2025) வலையோடு கேமராவைக் கீழே அனுப்பிக் காட்டிவிட்டது.

"தகவல் வேணும்னா விக்கிபீடியா படிங்க, கலைகிட்ட ஏன் கேட்கிறீங்க?" என்பார்கள். நியாயம். நான் கேட்பது தகவலை இல்லை, பேச்சை. ஒரு மாலுமி தொலைக்காட்சி முன்னால் தூங்கி வழியும் காட்சிக்குப் படம் பல நிமிடம் தருகிறது. அவர் வாயிலிருந்து ஒரு வாக்கியம் வராது. ஆனால் தரையை இழுக்கும் வலைக்கு எதிராக முதலில் வாய் திறந்தவர்களே மீன்பிடித் தொழிலை நம்பி இருந்தவர்கள்தான். 1376இல் இங்கிலாந்தில் அரசர் மூன்றாம் எட்வர்டின் பாராளுமன்றத்துக்கு ஒரு முறையீடு போனது. நீருக்கடியிலும் நிலம் உண்டு, அதில் பூக்கள் உண்டு, வலையின் இரும்பு அதை அழிக்கிறது, குஞ்சு மீன்கள் பன்றிக்குத் தீனியாகப் போகின்றன என்றார்கள். கடலடியைக் கண்ணால் கண்டிராதவர்களுக்கு அதைச் சொல்ல மொழி இருந்தது. 'லெவியாத்தன்' கையில் அத்தனை கேமரா இருந்தும் அந்த ஒரு பூ இல்லை.

பாக் நீரிணையை வைத்துக்கொண்டு நாம் இதை வெறும் சினிமா விவாதமாக முடித்துவிட முடியாது. நம் செய்திகளிலும் தெரிவது தளம் மட்டும்தான்: கைது, படகு பறிமுதல், டெல்லிக்குக் கடிதம். அந்தக் குடும்பங்களின் வலி நிஜம். ஆனால் படகுக்குக் கீழே அந்த ஆழமற்ற கடலின் தரை என்ன ஆனது என்று நாம் கேட்பதே இல்லை. போர் முடிந்து தொழிலுக்குத் திரும்பிய வட இலங்கை மீனவர்கள், இழுவைமடி எங்கள் வலையை அறுக்கிறது, கடலடியை வழித்துப் போகிறது என்று வருடக்கணக்கில் சொல்கிறார்கள், அதுவும் தமிழில். 2017இல் இலங்கை அந்த முறையைச் சட்டமாகவே தடைசெய்தது. இங்கே இழுவலையில் வரும் சங்காயம் இன்றைக்கும் கோழித்தீவனத்துக்குப் போகிறது. 1376இன் பன்றிகள் ஞாபகத்துக்கு வரவில்லையா?

படத்தைப் பாருங்கள், முடிந்தால் பெரிய திரையில், சத்தத்தைக் கூட்டி வைத்து. அப்படியே யாழ்ப்பாணத்து மீனவர் யாராவது பேசும் காணொளி ஒன்றையும் தேடிக் கேளுங்கள். படத்தில் இல்லாத தரை அந்தப் பேச்சில் இருக்கிறது.