விலைத்திரையை எடைபோடுதல்

பங்கு விலையைக் காட்டும் கைப்பேசிச் செயலியை எந்த அளவுகோலால் அளப்பது? வருகிற மதிப்புரைகளில் பெரும்பாலானவை வேகத்தையும் தரகுக் கட்டணத்தையும் திரையின் அழகையும் பேசி முடித்துவிடுகின்றன. மூன்றும் வேண்டியவைதான். ஆனால் மூன்றும் அன்றன்று வாங்கி அன்றன்று விற்பவரின் தேவைகள். ஒரு பங்கை வாங்கிப் பதினைந்து, இருபது வருஷம் வைத்திருப்பவர் அதே செயலியைத் திறக்கும்போது அது அவருக்கு எதைச் சரியாகச் சொல்கிறது, எதைப் பாதியில் விடுகிறது என்று பார்த்தவர்கள் குறைவு. இந்தக் கட்டுரையின் அளவுகோல் அந்த நீண்டகால உடைமையாளர்.

சைனிக்புரியில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை. செகந்திராபாத்தின் வடகிழக்கில், ஓய்வுபெற்ற படையினருக்காக உருவான குடியிருப்பு இது. பக்கத்தில் பொதுத்துறை மின்னணு நிறுவனமான இ.சி.ஐ.எல்., சற்றுத் தள்ளி அணு எரிபொருள் வளாகம். அங்கெல்லாம் வேலைபார்த்து இங்கேயே வீடு கட்டித் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களும் உண்டு. மாதச் செலவைப் பென்ஷன் பார்த்துக்கொள்ளும். பங்குகள் மருத்துவத்துக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என்று ஒதுக்கியவை. பலரிடம் காகிதப் பத்திரமாக வாங்கிப் பின்னால் டிமேட் என்னும் மின்னணுக் கணக்குக்கு மாற்றிய பங்குகள் இருக்கின்றன.

இந்த நகருக்கென்று இருந்த ஹைதராபாத் பங்குச் சந்தை 1943-இல் தொடங்கியது. 2007-இல் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி அதன் அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது. வணிகம் அதற்கு வெகு முன்பே கைமாறிவிட்டது. 1994-இல் திரைவழி வணிகத்தைத் தொடங்கிய தேசியப் பங்குச் சந்தை செயற்கைக்கோள் இணைப்பில் ஊர் ஊராகத் தரகர் அலுவலகங்களுக்கே விலையைக் கொண்டுவந்து சேர்த்தது. வட்டாரச் சந்தைகளால் அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை. பிறகு 2000-இல் இணைய வணிகம், 2010-இல் கைப்பேசி வணிகம் என்று அனுமதிகள் வந்தன. 2020 மார்ச்சில் சுமார் 4 கோடியாக இருந்த டிமேட் கணக்குகள் 2022 ஆகஸ்டில் 10 கோடியைத் தாண்டின. புதிதாக வந்தவர்களில் பெரும்பாலோர் நுழைந்த வாசல் கைப்பேசிதான்.

நிறையை முதலில் சொல்வது நியாயம். ஒரு பங்கின் பெயரைத் தொட்டதும் ஐந்து வரிகள் விரிகின்றன. ஒரு பக்கம் வாங்க நிற்பவர்களின் விலையும் எண்ணிக்கையும், மறுபக்கம் விற்க நிற்பவர்களுடையவை, கீழே இரு பக்கங்களின் மொத்தம். கூவி விற்ற காலத்தில் இந்த ஐந்து வரிகள் சந்தைக்குள் நின்றவர்களின் தனிச்சொத்து. வெளியே இருந்தவருக்கு மறுநாள் செய்தித்தாளில் வரும் விலைதான் கதி. தரகர் ஒப்பந்தச் சீட்டில் எழுதிய விலையில்தான் வணிகம் நடந்ததா என்று சோதிக்க அவரிடம் எந்தக் கருவியும் இல்லை. இன்று சைனிக்புரிக்குப் பக்கத்து யாப்ராலில் இருக்கும் ஹவில்தாரும் மும்பையின் நிதி மேலாளரும் ஒரே ஐந்து வரிகளைப் பார்க்கிறார்கள். இந்தச் சமத்துவத்துக்கு அடித்தளமிட்டது தேசியப் பங்குச் சந்தை. அதைக் கைக்குள் கொண்டுவந்தது செயலி. இந்தத் தொழில்நுட்பத்தின் மறுக்க முடியாத சாதனை இது. இனி வரும் குறைகள் எதுவும் இதை அழித்துவிடாது.

குறை, விலை என்ற எண்ணிலேயே தொடங்குகிறது. திரையில் பெரிய எழுத்தில் இருப்பது கடைசியாக நடந்த வணிகத்தின் விலை. ரிலையன்ஸ், ஐ.டி.சி. போன்ற பங்குகளில் அது ஒரு நொடிக்கு முந்தையது, நம்பலாம். ஆனால் நாளொன்றுக்குச் சில நூறு பங்குகளே கைமாறும் சிறு நிறுவனத்தில் அது ஒரு மணி நேரத்துக்கு முந்தையதாகவும் இருக்கலாம். கடைசி விலை 412 ரூபாய் என்று திரை சொல்லும். உள்ளே போய்ப் பார்த்தால் வாங்குபவர் 405-க்கு நிற்பார், விற்பவர் 418 கேட்பார். 412-க்கு வாங்கவும் ஆளில்லை, விற்கவும் ஆளில்லை. இரண்டு வகைப் பங்குகளையும் ஒரே எழுத்தில், ஒரே உறுதியோடு காட்டுவது முறையியல் பிழை. எண்ணின் பக்கத்தில் அது பதிவான நேரத்தையும் காட்டியிருந்தால் குழப்பமே வராது. நேரத்தைக் காட்டும் செயலிகளும் உண்டு. ஆனால் அதைப் பார்க்க ஒன்றிரண்டு திரைகள் உள்ளே போக வேண்டும்.

நேரத்தின் அருமையை எல்லாருக்கும் காட்டிய நாள் 2021 பிப்ரவரி 24. தேசியப் பங்குச் சந்தையில் கோளாறு ஏற்பட்டு 11.40 மணிக்கு வணிகம் நிறுத்தப்பட்டது. மாலை 3.45-க்குத் திறந்து 5 மணிவரை நடந்தது. இடைப்பட்ட நேரத்தில் மும்பைப் பங்குச் சந்தை இயங்கிக்கொண்டிருந்தது. ஆகவே ஒரே பங்குக்கு ஒரு சந்தையில் உறைந்த விலை, மற்றதில் உயிருள்ள விலை. நேரத்தைப் பளிச்சென்று காட்டாத திரையில் இந்த இரண்டையும் பிரித்தறிய வழியில்லை.

மாலை விலையிலும் இதே சிக்கல். 3.30-க்குக் கடைசியாக நடந்த வணிகத்தின் விலை ஒன்று. தேசியப் பங்குச் சந்தை அறிவித்துவந்திருக்கும் முடிவு விலையோ கடைசி அரை மணி நேர வணிகத்தின், எண்ணிக்கையால் எடையிட்ட சராசரி. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மாலையில் பார்த்த எண் இரவில் மாறியிருப்பதைக் கண்டு செயலி தவறு செய்துவிட்டது என்று எண்ணுபவர்களைப் பார்த்திருக்கிறேன். செயலி சரியாகத்தான் இருந்தது. விளக்க வேண்டியதை விளக்கவில்லை, அவ்வளவுதான்.

இதுவரை சொன்னவை சிறு குறைகள். வழங்கும் முறையைத் திருத்தினால் தீர்ந்துவிடும். அடுத்தது அடிப்படையான குறை. விலையைக் காட்டுவதற்காகப் பிறந்த கருவி, விலையின் வேறுபாட்டையே லாபம் என்று காட்டத் தொடங்கியதில் அது இருக்கிறது.

2024 அக்டோபர் 28 அன்று ரிலையன்ஸ் பங்கு ஒன்றுக்கு ஒன்று போனஸ் கழிந்த விலைக்கு வந்தது. விலை பாதியானது, பங்கின் எண்ணிக்கை இரட்டிப்பானது, உடைமையாளருக்கு நட்டம் ஏதுமில்லை. ஆனால் போனஸ் பங்கு கணக்குக்கு வந்து சேர இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் சரிசெய்யப்படாத போர்ட்ஃபோலியோ பக்கம் முதலீட்டில் பாதி கரைந்துவிட்டதாகக் காட்டும். 2023 ஜூலை 20-இல் ரிலையன்ஸிலிருந்து ஜியோ ஃபைனான்ஷியல் பிரிந்தபோது கணக்கு இன்னும் நுட்பமானது. சிறப்பு அமர்வில் ரிலையன்ஸ் 2,580 ரூபாய் என்று நிலைபெற, பிரிந்த நிறுவனத்தின் மதிப்பு பங்குக்கு 261.85 ரூபாய் என்று பெறப்பட்டது. பழைய வாங்கிய விலையை இரண்டு நிறுவனங்களுக்கும் விகிதப்படி பங்கிட்டால்தான் லாபக் கணக்கு நேராகும். இவற்றைப் பிழையின்றிச் செய்துமுடிப்பதே நல்ல செயலிக்கு அடையாளம். அழகான வரைபடத்தைவிட இதற்கே நான் மதிப்பெண் கொடுப்பேன்.

சைனிக்புரியில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் தம் செயலியைக் காட்டினார். 1990-களில் காகிதமாக வாங்கிய பங்குகள் அவருடையவை. எண்ணிக்கை சரி, இன்றைய விலை சரி. சராசரி வாங்கிய விலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. டிமேட்டுக்கு மாறி வந்த பங்கின் வரலாறு தரகருக்குத் தெரியாது என்பதால், நாமே விலையை இட்டு நிரப்ப வேண்டும். அப்படி நிரப்பினாலும் வரிக் கணக்கு வேறு. 2018 ஜனவரி 31 வரை வாங்கிய பங்குக்கு அந்த நாளின் உச்ச விலையையும் கணக்கில் கொண்டே அடக்கவிலை முடிவாகிறது. முதல் பக்கத்தில் மின்னும் லாபம் அந்த விதியை அறியாதது. “இத்தனை லட்சம் லாபம்னு காட்டுது சார், ஆடிட்டர் வேற நம்பர் சொல்றார், எதை நம்பறது?” என்று கேட்டார். ஆடிட்டரை நம்பச் சொன்னேன்.

டிவிடெண்ட் விஷயத்தில் மௌனம் இன்னும் பெரிது. டிவிடெண்ட் கழிந்த நாளில் விலை இறங்கினால் அந்த இறக்கம் நட்டத்தில் சேர்கிறது. வங்கிக்கு வந்த பணம் லாபத்தில் சேர்வதில்லை. இருபது ஆண்டு ஐ.டி.சி. வைத்திருந்தவரின் வருவாயில் கணிசமான பகுதி இப்படிக் கணக்குக்கு வெளியே நிற்கிறது. குறியீட்டெண்களிலும் இதே நிலைதான்: அன்றாடம் திரையில் ஓடும் நிஃப்டி டிவிடெண்ட் சேராதது, சேர்த்துக் கணக்கிடும் மொத்த வருவாய்க் குறியீட்டைச் சந்தை தனியே வெளியிட்டும், முதல் பக்கத்தில் அதற்கு இடம் கிடைப்பதில்லை. கேட்கப்படாத டிவிடெண்டைப் பற்றி விலைப் பக்கம் எச்சரிப்பதும் இல்லை. ஏழு ஆண்டுகள் தொடர்ந்து பெறப்படாவிட்டால் அந்தப் பங்கே முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். வயதானவர்களுக்கு அன்றைய விலை ஏற்றத்தைவிட அவசியமான செய்தி இது.

இன்னொரு சோதனையை இதே நகரம் தந்தது. ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கார்வி பங்குத் தரகு நிறுவனத்தின் மீது 2019 நவம்பர் 22-இல் செபி இடைக்கால ஆணை பிறப்பித்தது. வாடிக்கையாளர்களின் பங்குகளை நிறுவனம் தன் கடனுக்கு அடகு வைத்திருந்தது தெரியவந்தது. டிசம்பர் தொடக்கத்தில் ஏறத்தாழ 83,000 வாடிக்கையாளர்களின் கணக்குகளுக்குப் பங்குகள் திரும்பின. 2020 செப்டம்பரிலிருந்து, பங்கு உரியவரின் கணக்கிலேயே இருக்க அதன்மேல் ஈடு பதிவாகும் முறை வந்தது. திறனாய்வுக்கு இதில் ஒரு தெளிவான பாடம் உண்டு. தரகரின் திரை தரகரின் ஏட்டைத்தான் காட்டுகிறது. அதில் விலை நொடிக்கு நொடி துல்லியமாக இருக்கலாம். பங்கு நம் கணக்கில் இருக்கிறதா என்பதற்கு அது சாட்சி ஆகாது. சாட்சி சொல்ல வேண்டியவை, பங்குகளை மின்னணு வடிவில் காத்துவைக்கும் டெபாசிட்டரிகளான என்.எஸ்.டி.எல்., சி.டி.எஸ்.எல். இரண்டும்தான்.

இனி வடிவமைப்பு. திறந்தவுடன் கண்ணில் படுவது இன்றைய லாப நட்டம், பச்சையில் அல்லது சிவப்பில். பொருளியலாளர்கள் பெனார்ட்சியும் தேலரும் 1995-இல் எழுதிய கட்டுரை, முதலீட்டை அடிக்கடி மதிப்பிடுகிறவர் அடிக்கடி நட்டத்தைக் காண்கிறார், அதனால் பங்கையே அஞ்சுகிறார் என்று விளக்கியது. ஆய்வாளர்கள் பார்பரும் ஒடீனும் 1991 முதல் 1996 வரை 66,465 அமெரிக்கக் குடும்பங்களின் கணக்குகளை ஆராய்ந்தபோது, மிக அதிகமாக வாங்கி விற்றவர்கள் ஆண்டுக்கு 11.4 சதவீதம் ஈட்டினார்கள். சந்தை தந்ததோ 17.9. கைப்பேசிச் செயலி வருவதற்கு முன்பே எழுதப்பட்டவை இவை. நம் நாட்டு எண்கள் இன்னும் கடுமை. செபியின் ஆய்வுப்படி 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ எனப்படும் முன்பேர, விருப்ப ஒப்பந்தங்களின் பக்கம் போன ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் இழந்தார்கள். மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. 2022-23-இல் ரொக்கச் சந்தையில் அன்றே வாங்கி விற்றவர்களில் 71 சதவீதம் பேருக்கு நட்டம். ஆண்டுக்கு 500 முறைக்கு மேல் வணிகம் செய்தவர்களில் அது 80 சதவீதம்.

இந்த இழப்புக்கெல்லாம் செயலியே காரணம் என்று சொல்வது ஆதாரமற்ற தீர்ப்பு. பேராசையும் தவறான ஆலோசனையும் கைப்பேசிக்கு முன்பே இருந்தவை. ஆனால் விலையைப் பார்க்கும் இடமும் வாங்கும் பொத்தானும் ஒரே திரையில், விரல் அகலத் தூரத்தில் இருப்பது வடிவமைப்பாளர் எடுத்த முடிவு. அதற்கு அவர் பொறுப்பு. பத்தில் ஒன்பது பேர் எஃப் அண்ட் ஓவில் இழக்கிறார்கள் என்ற எச்சரிக்கையை 2023 ஜூலை முதல் உள்நுழையும்போது காட்ட வேண்டும் என்று செபி விதித்தது. விதி நல்லது. ஒரு தொடுதலில் அது மறைந்து, அடுத்த நொடியில் அதே பொத்தான் வந்து நிற்கிறது என்பதும் உண்மை.

எதிர்ப்பக்கத்திலும் நல்லவை உண்டு. குறித்த விலை வந்தால் மட்டும் செய்தி அனுப்பும் வசதி பல செயலிகளில் இருக்கிறது. இதை அமைத்துவிட்டால் நாள் முழுக்கத் திரையைப் பார்க்கத் தேவையில்லை. ஒரு விலைச் செயலியின் ஆகச் சிறந்த அம்சம் அதுவே என்பது என் மதிப்பீடு. அது விளம்பரங்களில் வருவதில்லை.

ஆகவே தீர்ப்பு இது. தரகு நிறுவனங்களின் செயலிகள் விலைக் கருவியாகவும் ஆணையிடும் கருவியாகவும் முதல் தரம், கணக்கேடாக இடைத்தரம், வழிகாட்டியாகத் தேறவில்லை. செய்தி நிறுவனங்களின் செயலிகளில் நிறுவனத்தின் வரலாறும் அறிவிப்புகளும் கிடைக்கின்றன. ஆனால் அறிவிப்பும் ஊகமும் விளம்பரமும் அருகருகே வரும்போது தரம்பிரிக்கும் வேலை வாசகர் தலையில் விழுகிறது. டெபாசிட்டரிகளின் சேவைகள், சி.டி.எஸ்.எல்.லின் ஈஸி போன்றவை, பார்வைக்கு மந்தமானவை. அங்கே பச்சை, சிவப்பு மினுக்கம் இல்லை. உங்கள் பெயரில் எத்தனை பங்கு, அதில் எவ்வளவு ஈட்டில், மதிப்பு என்ன என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. உடைமையாளரின் அளவுகோலில் இவையே முன்னிற்கின்றன. பான் எண்ணின்கீழ் எல்லாக் கணக்குகளையும் சேர்த்து மின்னஞ்சலில் வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையையும் இவற்றோடு சேர்த்துக்கொள்ளலாம்.

செபியிடம் கேட்க வேண்டியவை இரண்டு: ஒவ்வொரு விலைக்குப் பக்கத்திலும் அது பதிவான நேரம், ஒவ்வொரு லாபக் கணக்கிலும் டிவிடெண்ட். இரண்டுக்கும் வேண்டிய தரவு ஏற்கெனவே சந்தையிடமும் டெபாசிட்டரியிடமும் இருக்கிறது. அதுவரை, பங்கை வைத்திருப்பவர்கள் மாதத்துக்கு ஒருமுறை டெபாசிட்டரியின் கணக்கைப் பாருங்கள். விற்க வேண்டிய நாளில் மட்டும் தரகரின் செயலியைத் திறங்கள்.