கருவியும் ஆசானும்: பல்கலைக்கழகக் கற்பித்தலிற் புதிய தொழினுட்பம் பற்றி ஒரு நோக்கு

பல்கலைக்கழகங்களிற் புதிய கற்பித்தற் கருவிகள் புகும்போதெல்லாம் ஒரு குற்றச்சாட்டும் உடன் புகுவதைக் காணலாம். கருவி சிறந்தது, மாணவர் ஆயத்தமாயுள்ளனர், விரிவுரையாளரே தயங்குகின்றார் என்பது அக்குற்றச்சாட்டு. இதனை ஏற்றுக்கொண்டோர், தயக்கத்துக்குப் பயிற்சியே மருந்தெனக் கூறி, ஒரு நாட் செயலமர்வை நடத்திச் சான்றிதழும் வழங்கி அமைவர். இந்நோக்கு எத்துணை பொருத்தமானது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். விரிவுரையாளர் புதிய கருவியை ஏற்பதும் ஒதுக்குவதும் அவர்தம் மனப்பாங்கினால் மட்டும் தீர்மானிக்கப்படுவதன்று. கருவியை ஆக்கியோர் அவருக்கு எத்தகைய இடத்தை அளித்தனர், அவருக்குக் கிடைத்த துணை எத்தகையது என்பனவே அதனைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்பது ஈண்டு முன்வைக்கப்படும் கருத்தாகும்.

மேற்கூறிய குற்றச்சாட்டு புதியதன்று. அமெரிக்கக் கல்வி வரலாற்றாய்வாளரான லரி கியூபன் 1986 இல் வெளியிட்ட ‘ஆசிரியரும் இயந்திரங்களும்’ என்னும் நூலில், 1920 முதலாகத் திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி ஆகியன வகுப்பறையினுட் புகுந்த வரலாற்றை ஆராய்ந்துள்ளார். ஒவ்வொன்றும் பெரும் எதிர்பார்ப்புடன் அறிமுகமாகி, சிறிதளவே பயன்பட்டு, ஈற்றில் ஆசிரியரைப் பழிப்பதில் முடிந்ததை அவர் எடுத்துக்காட்டுகின்றார். அவர் ஆராய்ந்தது பெரும்பாலும் பாடசாலைகளையே. எனினும், ஆசிரியர் தம் நாளாந்தப் பணிக்குப் பொருந்துவனவற்றை ஏற்று ஏனையவற்றை விலக்கினர் என்ற அவரது முடிபு பல்கலைக்கழகத்தார்க்கும் மனங்கொள்ளத்தக்கது. கரும்பலகையும் வெண்கட்டியும் நிலைத்தமைக்குக் காரணம் பழைமைப் பற்றன்று. ஆசிரியர் எண்ணியவாறு எழுதவும் அழிக்கவும் அவை இடங்கொடுத்தமையே.

பல்கலைக்கழக நிலையில் இப்பிரச்சினையை ஆராய்வதற்கு, 1970களில் அமெரிக்காவிற் பரீட்சிக்கப்பட்ட இரு கணனிக் கல்வித் திட்டங்கள் தக்க சான்றுகளாகும். ஒன்று பிளேற்றோ, மற்றையது ரிக்கிற். இரண்டுக்கும் அந்நாட்டுத் தேசிய விஞ்ஞான மன்றம் நிதி வழங்கியது. இரண்டும் சமுதாயக் கல்லூரிகளிலே பரீட்சிக்கப்பட்டன. ஆயின் விரிவுரையாளரைப் பற்றி அவை கொண்டிருந்த கருத்து முற்றிலும் வேறானது.

பிளேற்றோ 1960 இல் இலினோய்ஸ் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிற்சர் என்பாரின் முயற்சியால் தொடங்கியது. 1972 அளவில் அதன் நான்காம் வடிவம் உருவானபோது, தொட்டு விடையளிக்கத்தக்க செம்மஞ்சள் நிறத் திரைகளைக் கொண்ட முனையங்கள் ஒரு மையக் கணனியுடன் இணைக்கப்பட்டன. எனினும் எமது நோக்கில் அத்திரையினும் முக்கியமானது ‘ரியூற்றர்’ என்னும் மொழியாகும். உயிரியற் பட்டப்பின் மாணவராயிருந்த போல் ரென்சார் 1960களில் அமைத்த இம்மொழி, கணனித்துறை சாராத ஆசிரியரும் தம் பாடங்களைத் தாமே எழுதுவதற்கென ஆக்கப்பட்டது. இரசாயனங் கற்பிப்பவரும் மொழி கற்பிப்பவரும், தம் மாணவர் இடறும் இடங்களை அறிந்து, அவற்றுக்கேற்பப் பாடங்களை ஆக்க முடிந்தது. அதாவது விரிவுரையாளர் அங்கே கருவியை இயக்குபவராக மட்டுமன்றிப் பாடத்தை ஆக்குபவராகவும் நின்றார்.

அவருக்குக் கிடைத்த துணையும் குறிப்பிடத்தக்கது. பாடம் எழுதுகையில் ஐயமுற்ற ஆசிரியர், தம் முனையத்தில் இருந்தவாறே ஆலோசகர் ஒருவருடன் எழுத்து மூலம் உரையாடலாம். ஆலோசகர் ஆசிரியரின் திரையில் உள்ளதைத் தம் திரையிற் கண்டு வழிகாட்டுவார். 1973 முதல், ஐயங்களைப் பொதுவில் எழுதி விடைபெறும் குறிப்பேடுகளும் அமைந்தன. உதவி முன்கூட்டியே ஒரு நாளிற் கொடுத்து முடிக்கப்படாமல், இடர் எழுந்த வேளையில், எழுந்த இடத்திலேயே கிட்டியது என்பது ஈண்டு நோக்கற்பாலது.

ரிக்கிற் இதற்கு நேர்மாறான எண்ணத்தில் எழுந்தது. தனித்தனி ஆசிரியர் பாடம் எழுதினால் தரம் சீராகாது. ஆதலின், பாட வல்லுநரும் கற்பித்தல் வடிவமைப்பாளரும் சேர்ந்த குழுவே கணிதம், ஆங்கிலம் ஆகிய பாடங்களை முழுமையாக ஆக்கித் தருதல் வேண்டும் என்பது அதன் அமைப்பாளர் கொள்கை. மாணவர் வர்ணத் தொலைக்காட்சித் திரை முன் அமர்ந்து, விதி, உதாரணம், பயிற்சி என்பவற்றுக்கான விசைகளை அழுத்தித் தாமே தம் வழியைத் தெரிந்து கற்பர். கற்பித்தலின் பெரும்பகுதியை இயந்திரம் ஏற்க, விரிவுரையாளர் ஓரத்தில் நின்றார்.

‘எடியுகேஷனல் ரெஸ்ரிங் சேர்விஸ்’ என்னும் நிறுவனம் இரண்டையும் மதிப்பிட்டு 1977, 1978 ஆம் ஆண்டுகளில் அறிக்கைகளை வெளியிட்டது. ரிக்கிற் வழியே கணிதம் பயின்று பாடநெறியை முடித்தோர் ஏனையோரினும் சிறந்த பெறுபேறு பெற்றனர். ஆயின் முடித்தோர் தொகை வழமையான வகுப்புகளை விட வெகுவாகக் குறைந்திருந்தது. தளர்ந்த மாணவனை இனங்கண்டு தட்டிக்கொடுக்கும் கடமையை விசைப்பலகையால் ஏற்க முடியவில்லை எனலாம். பிளேற்றோவை ஆசிரியரும் மாணவரும் விரும்பினர். எனினும் மாணவர் பெறுபேற்றில் அது உறுதியான உயர்வு எதனையும் ஏற்படுத்தவில்லை. ஒரு மணி நேரப் பாடத்தை ஆக்குவதற்குப் பல பத்து மணி நேர உழைப்பு வேண்டியிருந்தது; ஆக்கப்பட்ட பாடங்களின் தரமும் ஒரே சீராய் இருக்கவில்லை. எனவே, ஆசிரியரை விலக்கிய திட்டம் மாணவரை இழந்தது. ஆசிரியரிடமே பெரும் பாரத்தை விட்ட திட்டம் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. இவ்விரு உண்மைகளையும் ஒருங்கே கொள்ளாதார் பிரச்சினையின் ஒரு பாதியையே காண்பர்.

இவற்றுக்கு இடைப்பட்ட வழியொன்றையும் வரலாறு காட்டுகின்றது. 1971 இல் முதன்மாணவரை ஏற்ற பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகத்தில், பாடநெறி ஒவ்வொன்றையும் ஒரு குழு உருவாக்கியது. துறைசார் அறிஞர், கல்வித் தொழினுட்பவியலாளர், பீ.பீ.சீ. தயாரிப்பாளர் ஆகியோர் அதிற் சமமாய் அமர்ந்து ஒருவர் எழுதியதை மற்றவர் விமர்சித்தனர். ரிக்கிற்றிலும் குழு இருந்தது. ஆயின் அங்கே குழு விரிவுரையாளருக்குப் பதிலாய் நின்றது. இங்கே விரிவுரையாளரே குழுவினுள் நின்றார். அத்துடன், மாணவரை நேரிற் சந்திக்கும் போதனாசிரியர்களும் இருந்தனர். 1980 இல் நிறுவப்பெற்ற இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமும், அச்சிட்ட பாட அலகுகளை முதன்மையாகக் கொண்டு, இத்தொலைக்கல்வி மரபைச் சார்ந்தே வளர்ந்தது.

இவ்வனுபவங்களின் ஒளியில் எமது நிலையை நோக்குதல் தகும். 2020 மார்ச்சிற் கொள்ளைநோயினால் இலங்கைப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, கற்பித்தல் சில வாரங்களிலே இணையவழிக்கு மாறியது. லேர்ண் வலையமைப்பின் வாயிலாகச் சூம் வசதி கிடைத்தது. மூடில் போன்ற கற்றல் முகாமைத்துவ முறைமைகள் பல்கலைக்கழகங்களில் இயங்கின. இவை பாராட்டுக்குரியன. ஆயின் கருவி கிடைத்த வேகத்திற் கற்பித்தல் மாறவில்லை. மண்டபத்தில் நிகழ்ந்த ஒரு மணி நேர விரிவுரை, முகங்காணாத மாணவர்க்கு ஒரு மணி நேர ஒலியாயிற்று. கைபேசியின் சிறு திரையிற் கற்கும் மாணவருக்காகப் பாடத்தை மீளச் சிந்திக்க விரிவுரையாளருக்கு அவகாசமும் இல்லை; உடனிருந்து சிந்திப்பாரும் இல்லை.

தமிழ்மொழி மூலம் கற்பிப்போர் எதிர்கொள்ளும் இடர் இன்னொரு வகையினது. எமது விரிவுரையாளர் பலரின் ஆண்டாண்டுக் காலக் குறிப்புகள் பாமினி எழுத்துருவில் உள்ளன. ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களிற் தமிழ் வடிவங்களை இருத்திய அவ்வெழுத்துரு இல்லாத கணனியில், அக்குறிப்புகள் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே தோன்றும். அவற்றினுள் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடிக் காண இயலாது. பார்வையற்ற மாணவர்க்கு உரையை வாசித்துக்காட்டும் மென்பொருளும் அதனைத் தமிழென அறியாது. இக்குறிப்புகளை யுனிக்கோட்டுக்கு மாற்றுவதற்கு மென்பொருள்கள் உள. மாற்றியவற்றைப் பிழை திருத்துவதற்குத்தான் ஆளில்லை. இத்தகைய விரிவுரையாளர் தம் குறிப்புகளைத் தளத்தில் ஏற்றத் தயங்கின், அதனை மனப்பாங்கு என்பதா, உழைப்புச் சுமை என்பதா? ஆங்கிலத்திற் படவில்லைகளை அழகுறச் செய்வது எவ்வாறு என்ற செயலமர்வு அவருக்கு யாது பயன் தரும்?

ஆதலின், உதவி என்பதன் பொருள் மாறுதல் வேண்டும். முதலாவதாக, அது துறைக்குள் இருத்தல் வேண்டும்: வரலாற்றுத்துறைக்கு வேண்டியதும் பௌதிகத்துறைக்கு வேண்டியதும் ஒன்றல்ல. இரண்டாவதாக, அது தொடர்ந்து கிடைத்தல் வேண்டும். ஒரு தவணை முழுவதும் விரிவுரையாளருடன் இருந்து பாடமொன்றை மாற்றியமைக்கும் ஒரு துணைவர், பல செயலமர்வுகளிலும் பயனுடையவர். மூன்றாவதாக, அவ்வுழைப்பு கணக்கிற் கொள்ளப்படல் வேண்டும். நன்கு ஆக்கிய பாடமொன்றை, ஆய்வுக் கட்டுரையை மதிப்பிடும் அதே கவனத்துடன் சகபாடிகள் வாசித்து மதிப்பிட்டுப் பதவியுயர்விற் சேர்க்கும்வரை, இளம் விரிவுரையாளர் அதிற் காலஞ் செலவிடுவார் என எதிர்பார்ப்பது நியாயமன்று. இவை செலவு மிக்கவை என்பார் உளர். வாங்கிப் பூட்டி வைத்த கருவிகளின் செலவையும் அவர்கள் உடன் கணக்கிடுவாராக.

2022 இன் இறுதி முதல் உரையாடும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பரவியதைத் தொடர்ந்து, ஆசிரியரின்றியே கற்பிக்கலாம் என்னும் பழைய ஆசை புதுவேடத்தில் மீண்டுள்ளது. ரிக்கிற்றின் வரலாற்றை அறிந்தோர்க்கு இது வியப்பளியாது. தளர்ந்து வகுப்பினின்றும் நழுவும் மாணவன் எக்கருவியின் முன்னும் மௌனமாகவே நழுவுவான். அவனைப் பெயர் சொல்லி அழைக்கும் ஆசானுக்குக் கருவி கைகொடுத்தல் வேண்டும். அதற்கு முன் ஆசானுக்குப் பல்கலைக்கழகம் கைகொடுத்தல் வேண்டும்.